சிற்றூர்ப் போக்குவரத்தும் சமநீதியும்

யுபிலி மலரொன்றிலே கல்வியைப் பற்றியும் சமயத்தைப் பற்றியும் எழுதப் பலர் உளர். நாம் பஸ் வண்டியையும் புகையிரதத்தையும் பற்றி எழுத முற்பட்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் பாடசாலை வாயிலை அடைந்தவனுக்கே கல்வி கிட்டும். வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தவனுக்கே மருந்து கிட்டும். போய்ச் சேர வழியில்லாதவனுக்கு அவை இருந்தும் இல்லாதவையே. ஆதலின் ஓர் ஊரின் போக்குவரத்தைத் திட்டமிடும்போது பொறியியற் கணக்கோடு நீதியின் கணக்கும் சேர்ந்தே எழுகின்றது. இவ்வுண்மையை விளக்குதற்குச் சப்பிரகமுவ மாகாணத்தில், கேகாலை மாவட்டத்தில், களனிப் பள்ளத்தாக்கில் அமைந்த ருவான்வெல்லையை எடுத்துக்கொள்வோம்.

இப்பள்ளத்தாக்கின் முதற் பெருவழி களனி கங்கையே. படகுகள் கொழும்பிலிருந்து நீர்வழியே சரக்கேற்றி வந்த காலம் ஒன்றிருந்தது. தோட்டங்கள் பெருகியபின் புகையிரதம் வந்தது. இரண்டரை அடி அகலமேயுள்ள ஒடுங்கிய பாதையொன்று 1900 ஆம் ஆண்டில் மருதானையிலிருந்து தொடங்கப்பெற்று, 1902 இல் அவிசாவளையையும் 1903 இல் எட்டியாந்தோட்டையையும் எட்டியது. மற்றொரு கிளை 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓப்பநாயக்கைக்கும் நீண்டது. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புத் துறைமுகத்திற்குக் கொண்டு சேர்ப்பதே அதன் தலையாய நோக்கம். பயணிகளும் அதிற் சென்றனர். ஆயினும் அவர்களுக்காக அப்பாதை போடப்படவில்லை.

பொருளை முன்னிட்டு அமைந்த வழி பொருளாதாரக் கணக்கு மாறியதும் நிலைபெறுவது அரிது. எட்டியாந்தோட்டைக் கிளை உலகப்போர்க் காலத்தில், 1942 இல் மூடப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்கை வரையுள்ள பாதையும் 1970களில் கைவிடப்பட்டது. எஞ்சிய கொழும்பு - அவிசாவளைப் பாதை 1990களில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. ஆனால் பழைய ஒடுங்கிய பாதையின் கூரிய வளைவுகள் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டமையால் வண்டி விரைந்து செல்ல இயலவில்லை. இன்று ருவான்வெல்லையார் புகையிரதம் ஏற வேண்டுமாயின் முதலில் பஸ் ஏறி அவிசாவளைக்கு வரவேண்டும்.

இனி, பஸ் சேவையின் வரலாற்றை நோக்குவோம். 1958 ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் அரசுடைமையாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இத்தகைய பெருநிறுவனத்திற்கு ஒரு நன்மை உண்டு. சனம் நிறைந்த வீதியில் வரும் இலாபத்தைக் கொண்டு, சனம் குறைந்த வீதியில் நேரும் நட்டத்தை ஈடுசெய்யலாம். கொழும்பில் நிறைந்தோடும் பஸ், மலையடிவாரத்தில் பாதி வெறுமையாய் ஓடும் பஸ்ஸுக்குத் துணைநிற்கும். காலப்போக்கில் அச்சபை நட்டத்திலும் சீர்கேட்டிலும் ஆழ்ந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. 1978 இல் அது பிராந்திய சபைகளாகப் பிரிக்கப்பட்டது; 1979 இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. 1991 இல் தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு அமைந்தது. 2005 ஆம் ஆண்டின் சட்டத்தால் இலங்கைப் போக்குவரத்துச் சபை புத்துருப் பெற்றது.

தனியார் பஸ்களுள் மிகப் பல, ஒன்றிரண்டு வண்டிகளே உடையவர்களுக்குச் சொந்தமானவை. சாரதிக்கும் நடத்துனருக்கும் அன்றன்றைய வசூலே வருமானத்தின் அடிப்படை. அதனால் பகலிற் சனம் சேரும்வரை நிலையத்திற் காத்துக் கிடப்பதும், பின்னர் முன்செல்லும் வண்டியை முந்த ஓடுவதும், இரவில் சனம் குறைந்ததும் ஓட்டத்தை நிறுத்துவதும் நிகழ்கின்றன. இவற்றை ஆட்களின் குணக்கேடாக மட்டும் கொள்ளுதல் தகாது. வசூலுக்குக் கூலி என்ற ஏற்பாட்டின் விளைவு அது. ஓடிய மைலுக்கும் காத்த நேரசூசிக்கும் பணம் கொடுக்கும் ஒப்பந்தம் வந்தால் அதே சாரதி வேறுவிதமாக ஓட்டுவான். மாணவருக்கென 2005 இல் தொடங்கிய சிசு செரிய சேவை, அரசின் உதவிப் பணத்தால் இவ்வழியில் நடப்பது.

ருவான்வெல்லையைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழும் நம்மவருக்கோ இடர் இதனினும் முன்னதாகவே தொடங்குகின்றது. லயத்திலிருந்து பெருவீதிக்கு வருவதற்கே நெடுந்தொலைவு நடக்க வேண்டும். தோட்டத்துப் பாதை யாருடையது? ஊராட்சிக்குரிய 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாய் இருந்தது. வரியும் வாக்கும் உடைய குடிமக்கள், தம் வாசலிலுள்ள குழியை நிரப்பும்படி தம் சபையைக் கேட்க முடியாதிருந்தனர். 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்டது, தடை நீங்கியது. எனினும் சட்டம் திறந்துவிட்ட கதவின் வழியே தார் தானாக வந்து சேர்வதில்லை. கேட்போர் வேண்டும், திட்டமும் வேண்டும்.

அத்திட்டம் எதை அளவிட வேண்டும்? வீதியில் மணிக்கு எத்தனை வண்டிகள் ஓடின என்பதையே வழக்கமாக அளவிடுவர். எத்தனை மனிதர், எவ்வளவு நேரத்தில், எவ்வளவு செலவில், எத்துணைப் பாதுகாப்போடு தாம் நினைத்த இடத்தை அடைந்தனர் என்பதே முறையான அளவு. இருவர் வீதம் ஏறிய இருபத்தைந்து கார்கள் கொண்டு செல்லும் ஐம்பது பேரை ஒரே பஸ் கொண்டு செல்லும். கார்களுக்காகவே அகலமாக்கிய வீதி சில ஆண்டுகளில் கார்களால் மீண்டும் நிறைவதைப் பல நாடுகள் கண்டுள்ளன. எரிபொருள் முழுவதையும் பிறநாட்டிலிருந்து வாங்கும் நமக்கு, 2022 ஆம் ஆண்டின் பெற்றோல் வரிசைகள் இதைக் கசப்பாகக் கற்பித்தன.

பிற இடங்களின் அனுபவமும் நமக்குப் பயன்தரும். பிரேசில் நாட்டின் குரித்திபா நகரம் 1974 இல் பஸ்களுக்கெனத் தனிவழி ஒதுக்கியது. பின்னர் எத்தனை முறை பஸ் மாறினும் ஒரே கட்டணம் என்ற முறையையும் கொண்டுவந்தது. நகர விளிம்பில் வாழும் ஏழையின் நெடும் பயணத்தின் சுமையை அருகில் வாழ்வோரின் குறும் பயணம் பங்கிட்டுக் கொண்டது. இங்கோ, தோட்டத்தார் ஒருவர் இரு பஸ்ஸும் ஒரு புகையிரதமும் ஏறினால் மூன்று சீட்டு எடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் பெரிய பஸ் செல்லாத கிராமங்களுக்கென 1997 இல் மினி பஸ் திட்டம் வகுக்கப்பட்டது; 2021 முதல் சாதாரண நகரப் பஸ்களிற் பெண்கள் கட்டணமின்றிச் செல்கின்றனர். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டப் பழகியமையும் ஒரு போக்குவரத்துப் புரட்சியே.

இவற்றைக் கொண்டு ருவான்வெல்லைக்குச் செய்யக்கூடியன பல. அவிசாவளைப் புகையிரதம் வந்து புறப்படும் நேரத்தோடு பஸ் நேரத்தை இணைத்தல் முதலாவது. அதற்குச் செலவு மிகக் குறைவு. கரவனல்லைச் சந்தியிலும் கடைத்தெருவிலும் நடப்போருக்கு ஓரப்பாதையும், மழைக்கு ஒதுங்க நிழற்குடையும் அமைத்தல் இரண்டாவது. தோட்டப் பாதைகளைச் சீர்செய்து, காலை மாலை இருவேளையேனும் சிறிய பஸ் ஒன்றை ஒப்பந்த முறையில் ஓட்டுதல் மூன்றாவது. பாதை வெட்டும்போது மழைநீர் வடிகாலை மறவாதிருத்தல் நான்காவது. 2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் இதே மாவட்டத்தின் அரநாயக்கையிலும் புளத்கொஹுப்பிட்டியிலும் மண் சரிந்து பலர் மாண்டதை நாம் மறக்கலாகாது. சாய்நிலத்தை எவ்வாறு வெட்டுகிறோம், நீரை எங்கே விடுகிறோம் என்பது உயிரைப் பற்றிய பொருளாகும்.

நம் பழைய மாணவருள் பொறியியலாளர் உளர், கணக்காளர் உளர், அரசாங்க உத்தியோகத்தரும் சபை அங்கத்தவரும் உளர். வீதித் திட்டம் எதுவாயினும் தங்கள் மேசைக்கு வரும்போது, கையொப்பமிடுமுன் ஒரு வினாவை எழுப்புமாறு அவர்களை வேண்டுகிறோம்: கடைசி லயத்துக் கடைசி அறையிலிருந்து புறப்படும் சிறுமி, இத்திட்டம் நிறைவேறிய பின், எத்தனை மணிக்கு எழுந்தால் முதலாம் பாடத்திற்குப் போய்ச் சேர்வாள்? அதற்கு விடை எழுதப்படாத திட்டத்தைத் திருப்பி அனுப்பும் துணிவு நம்மவருக்கு உண்டாகுக.