25 ரூபாக் கலியாண உடுப்பு

நம்மட ஊர்களில் கலியாண உடுப்பு எடுக்கப் போனால் மாப்பிள்ளைக்கு ஷேர்வானி, பொண்ணுக்கு லெஹங்கா அல்லது அனார்கலி என்று எடுத்து விரிக்கிறார்கள். ‘மொகலாய டிசைன்’, ‘ராஜ மாடல்’ என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. விலையும் அந்தப் பெயருக்கு ஏற்றாற்போலத்தான். இவற்றில் எது உண்மையிலேயே அரண்மனையில் இருந்து வந்தது, எது பிறகு வந்து சேர்ந்தது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

மொகலாய ஆண்களின் பிரதான மேலங்கி ஜாமா. மார்பின் குறுக்கே ஒரு பக்கம் மறுபக்கத்தின் மேல் மடிந்து, அக்குளுக்குக் கீழே நாடாவால் கட்டப்பட்டு, இடுப்புக்குக் கீழே விரிந்து நிற்கும். இதை முழுக்க மத்திய ஆசியாவில் இருந்து கொண்டுவந்த உடுப்பு என்று சொல்லிவிட முடியாது. தகௌச்சியா என்ற இந்திய அங்கியைப் பற்றி அபுல் ஃபஸ்ல் ‘ஆயீனே அக்பரி’யில் எழுதுகிறார். முன்பு அதன் கீழ்ப்பகுதியில் பிளவுகள் இருந்தன; இடப்பக்கம் கட்டினார்கள். அக்பர் கீழ்ப்பகுதியை வட்டமாக்கி, வலப்பக்கம் கட்டும்படி மாற்றினார். அரசவையில் முஸ்லிம்கள் வலப்பக்கமும் ஹிந்துக்கள் இடப்பக்கமும் முடிச்சுப் போட்டுக்கொள்வது வழக்கமானது. அக்கால ஓவியங்களில் ஆளை அடையாளம் காண ஆய்வாளர்கள் இந்த முடிச்சையும் பார்க்கிறார்கள். துணியும் வெட்டும் ஒன்றுதான். வித்தியாசம் முடிச்சில் மட்டும்.

மார்க்கமும் நெசவில் கை வைத்தது. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. பட்டின் பளபளப்பும் வேண்டும், அது உடம்பிலும் படக்கூடாது என்றால் என்ன செய்வது? வெளிப்புறம் பட்டும் உட்புறம் பருத்தியுமாக நெய்த மஷ்ரூ துணி அதற்கு வழியாக அமைந்தது. ‘அனுமதிக்கப்பட்டது’ என்பதே அந்தப் பெயரின் கருத்து. குஜராத்தின் பட்டான் பகுதியில் இன்றும் அதை நெய்கிறார்கள். இன்றைய டிசைனர்களும் அதைத் தேடி வாங்குகிறார்கள்.

அரசவைக்கு வேண்டிய துணிமணிகள் கார்கானா எனப்படும் அரச தொழிற்கூடங்களில் தயாராகின. 17ஆம் நூற்றாண்டில் டில்லியில் தங்கியிருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர், அங்கே தையற்காரர், பூவேலைக்காரர், நெசவாளர் எல்லோரும் தனித்தனிக் கூடங்களில் வேலை செய்ததை எழுதியிருக்கிறார். பாதுஷா ஒருவரைக் கௌரவிக்க நினைத்தால் கில்அத் என்ற அங்கியைக் கொடுப்பார். இன்று கலியாண உடுப்பில் மினுங்கும் ஸர்தோஸியும் அந்த அரச ஆதரவில் செழித்த வேலைதான். ஸர் என்றால் பொன், தோஸி என்றால் தையல். அன்று வெள்ளிக் கம்பிக்குப் பொன்முலாம் பூசித் தைத்தார்கள். இன்று பெரும்பாலும் செம்புக் கம்பி அல்லது செயற்கை இழை. ஆனால், மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, குனிந்திருந்து தைக்கிற முறை மாறவில்லை. லக்னோவிலும் பரேலியிலும் இந்த வேலை செய்வோரில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கடைக்காரர் சொல்லும் கதையில் பாதுஷா வருவார், இந்தக் கைகள் வருவதில்லை.

ஷேர்வானி கதை வேறு. அது 19ஆம் நூற்றாண்டில் உருவான உடுப்பு. பழைய அங்கியின் நீளமும் ஐரோப்பியக் கோட்டின் வெட்டும் பொத்தான் வரிசையும் அதில் கலந்தன. ஹைதராபாத்திலும் அலிகாரிலும் அது கண்ணியத்தின் அடையாளமானது. அக்பரோ ஷாஜஹானோ ஷேர்வானி போட்டதில்லை.

அனார்கலி இன்னும் புதிது. அதன் வடிவம் அரண்மனைப் பெண்கள் அணிந்த பேஷ்வாஸைப் பின்பற்றியது, அது உண்மை. ஆனால் அந்தப் பெயர், ஜஹாங்கீர் தன் வரலாற்றை எழுதிய நூலில் எங்குமே இல்லாத ஒரு பெண்ணுடையது. 1960இல் வந்த ‘மொகலே ஆஸம்’ படத்தில் மதுபாலா ஆடிய ஆட்டந்தான் அந்தப் பெயரையும் உடுப்பையும் சேர்த்து நம் மனதில் பதித்தது.

புதிது என்பதால் இவை தாழ்ந்தவை ஆகிவிடா. உடுப்பு காலத்தோடு மாறத்தான் செய்யும், அக்பரே மாற்றியவர்தானே! கேள்வி வேறு. ‘ராஜ பரம்பரை’ என்ற சொல்லுக்கு மட்டும் நாம் எவ்வளவு கொடுக்கிறோம்? ஒரு நாள் உடுப்புக்காகக் கடன்படுகிற குடும்பங்கள் நம்மிடையே இல்லையா?

இங்கேதான் நூர்ஜஹானை நினைக்க வேண்டியிருக்கிறது. 1611இல் ஜஹாங்கீரை மணந்த அவர் துணி, சரிகை, நகை எல்லாவற்றிலும் புதுமை செய்தவர். அவர் கொண்டுவந்த ‘நூர்மஹலி’யைப் பற்றி வரலாற்றாசிரியர் காஃபி கான் குறிப்பிடுகிறார். மாப்பிள்ளைக்கும் பொண்ணுக்குமான கலியாண உடுப்பு, மொத்தச் செலவு 25 ரூபா. அன்றைய 25 ரூபா இன்றைய 25 ரூபா அல்லதான். ஆனால் பொன்னிழைத் துணி ஒரு பீஸுக்கே பல பொன் மொஹர்கள் கொடுத்த அரண்மனை அது. அந்தக் கணக்கில் இது சிக்கனமான உடுப்புத்தான்.

எந்த உடுப்பை வேண்டுமானாலும் வாங்கிக் கொடுக்கக்கூடிய ஒரு ராணி, கலியாண உடுப்புக்கு ஓர் அளவு வைத்தார். ராஜ உடுப்பென்று கேட்டு வாங்குகிறவர்கள் அந்த அளவையும் சேர்த்தே கேட்டு வாங்கினால் நல்லது.