செல்லிடம் வினாவும் போர்த்துக்கேய வழக்கு

வீட்டினின்றும் புறப்படுவாரை நோக்கி 'எங்கே போகிறீர்?' என வினாவுதல் யாழ்ப்பாணத்தில் தகாததாகக் கொள்ளப்படும். 'தூரமோ?' என்பதே மூத்தோர் வழக்கு. செல்வோரும் வாளா 'போறன்' என்னாது 'போட்டு வாறன்' என்பர். மீண்டு வருதல் இங்கே வினைச்சொல்லில் அமைகின்றது. போர்த்துக்கேய மொழியிலோ அக்கருத்து ஒரு சிறு இடைச்சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது.

1619 முதல் 1658 வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட போர்த்துக்கேயர், அலுமாரி, சப்பாத்து, பாண், வாங்கு முதலிய சொற்களை நமக்கு விட்டுச்சென்றனர். பொருள்களின் பெயரை ஏற்ற நாம் அவர்தம் வினாச்சொல்லை ஏற்றிலம்.

அம்மொழியில் 'ஒந்தெ' என்பது 'எங்கே' எனப் பொருள்படும். இதன் மூலமாகிய இலத்தீன் சொல்லோ 'எங்கிருந்து' என்னும் பொருளது. சொல் நிற்கப் பொருள் இடம்பெயர்ந்தவாறு காண்க! செல்லிடம் வினாவுங்கால் இச்சொல்லின்முன் 'ஆ' அல்லது 'பரா' என்னும் இடைச்சொல் வந்து சேரும். 'ஆஒந்தெ வாய்?', 'பரா ஒந்தெ வாய்?' என்னும் இரண்டையும் நாம் 'எங்கே போகிறீர்?' என்றே பெயர்ப்போம். தமிழில் விடைக்கும் நான்காம் வேற்றுமையின் 'கு' ஒன்றே போதும். ஆயின் அவை தம்முள் வேறானவை. சென்று விரைவில் மீளுதற்கு 'ஆ' உரியது. சென்று தங்குதற்குப் 'பரா' உரியது. சுன்னாகம் சந்தைக்குப் போய் உச்சிக்குமுன் திரும்புவோன் முன்னதைக் கூறுவான். கொழும்பில் உத்தியோகம் ஏற்றுக் குடிபோவோன் பின்னதைக் கூறுவான். மாலையிற் பள்ளி விட்டு இல்லம் ஏகும் ஆசிரியர் 'பரா காசா' செல்கின்றார். மறந்த புத்தகத்தை எடுத்துவர இடையில் ஓடுபவரோ 'ஆ காசா' செல்கின்றார். இல்லம் ஒன்றே, எண்ணம் இரண்டு. இதனை அறியாது 'கு' வருமிடமெல்லாம் 'பரா' இடும் தமிழ் மாணாக்கன், கடைக்குப் போகும்போதும் ஊரை விட்டே போகின்றவன்போல் உரைப்பான்.

பிரேசில் நாட்டுப் பேச்சில் இவ்வரம்பு தளர்ந்துள்ளது. 'சந்தையிற் போகிறேன்' என்பதுபோல், 'இல்' எனப் பொருள்படும் 'எம்' என்பதையும் அங்கே வழங்குவர். இலக்கணிகள் கண்டிக்கின்றனர், மக்கள் கேட்பதாயில்லை.

நெருங்கியோரைத் 'து வாய்ஷ்' என முன்னிலையில் வினாவும் போர்த்துகல் மக்கள், மதிப்புக்குரியோரை 'ஒ செஞ்ஞோர் வாய்' எனப் படர்க்கை வினையால் வினாவுவர். 'ஐயா எங்கே போகிறார்?' என்று அவரிடமே கேட்பது போன்றது அது. நீ, நீர், நீங்கள் என மூன்று படி வைத்திருக்கும் நமக்கு இது புதுமையன்று.

மட்டக்களப்புப் பறங்கியர் சிலரிடை இன்றும் வழங்கும் இலங்கைப் போர்த்துக்கேயத்தின் நிலை வியக்கத்தக்கது. அங்கே 'நடத்தல்' எனப் பொருள்பட்ட வினையே 'போதல்' ஆயிற்று. வினை, தமிழிற்போல் வாக்கிய இறுதிக்குப் பெயர்ந்தது. பெயர்க்கு முன்னின்ற 'பரா'வும் 'ப' எனக் குறுகிப் பெயர்க்குப் பின்சென்று, நம் 'கு' உருபுபோற் கொள்வோனைச் சுட்டி நிற்கின்றது.