வாளும் வலிப்பும்

சென்ற மாதம் வகுப்பிலே புறநானூறு நடந்தது. ஒக்கூர் மாசாத்தியாரின் பாட்டு. கணவனைப் போரிலே பறிகொடுத்த மறக்குடிப் பெண்ணொருத்தி, மறுநாளும் போர்ப்பறை கேட்டதும், தன் ஒரே மகனை அழைத்துக் குடுமிக்கு எண்ணெய் நீவி, வேலைக் கையிற் கொடுத்து அனுப்புகிறாள். உரை சொல்லி முடித்தேன். பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, அந்தப் பிள்ளைக்கு வலிப்பு இருந்திருந்தால்?"

வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. காக்கை வலிப்பு அவனுக்கு உண்டென்பதை யான் அறிவேன். முன்னொரு நாள் அவன் வகுப்பிலே விழுந்தபோது, இரும்புத் திறப்பொன்றை அவன் கையிலே திணித்தவன் யானே. திறப்பினால் ஆவது ஒன்றுமில்லை. ஒருக்களித்துக் கிடத்தி, வாயில் எதனையும் இடாது, அருகிருந்து காப்பதே செய்யத்தக்கது என்பதைப் பின்னரே கற்றேன்.

புறநானூறே விடை தருமோவென்று தேடினேன். சோழன் நலங்கிள்ளிக்கு உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சொன்ன பாட்டிலே, மக்கட் பிறப்பின் எட்டுக் குறைகள் எண்ணப்படுகின்றன. கூன், குறள், ஊமை, செவிடு முதலியவற்றோடு அறிவு மயக்கமாகிய மருளும் அங்கே உண்டு. அத்தகைய பிறப்பால் ஊதியமில்லையாம். சான்றோர் கூற்றாயினும் என் மனம் ஒருப்படவில்லை.

உருசிய நாவலாசிரியர் தொஸ்தோயெவ்ஸ்கியை நினைத்தேன். அரச தண்டனையாக நான்காண்டு சிறையிருந்து, 1854 இல் சைபீரியப் படையிலே சாதாரண சிப்பாயாக நிறுத்தப்பட்டவர் அவர். 1857 இல் அவருக்கு வலிப்பு நோயென மருத்துவர் உறுதி செய்தார். 1859 இல் படையினின்றும் விடுபட்டார். தம் நோயையே 'அசடன்' நாவலின் தலைவனுக்கு ஈந்தார். படைக்கு ஆகாதவர் உலகுக்கு ஆனார்.

எழுத்தாளர் பிழைத்தார், ஏழைச் சிப்பாய் என் செய்வான்? இந்தியாவிலே ஒரு வழக்கு நடந்தது. 1985 இல் இந்திய இராணுவத்தின் சமிக்ஞைப் பிரிவிற் சேர்ந்த ஒருவர், ஏறத்தாழ ஒன்பதாண்டு பணி செய்தபின், வலிப்பு நோயால் 20 சதவீத நிரந்தர இயலாமை உண்டெனக் கணிக்கப்பட்டு, 1994 ஏப்பிரலில் விலக்கப்பட்டார். நோய் உடம்போடு வந்தது, பணியால் வந்ததன்று எனக் கூறி இயலாமை ஓய்வூதியத்தை மறுத்தனர். இமாசலப் பிரதேச உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்த்தார். இருவர் அமர்வு அதனை மாற்றியது. ஈற்றில் 2013 யூலை 2 ஆந் திகதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேரும்போது குறையொன்றும் பதியப்படவில்லையாயின், நல்ல உடல்நலத்தோடு சேர்ந்தாரென்றே கொள்ளல் வேண்டும். நோய் பணியால் வந்ததன்று என நாட்டுவது படையின் கடன். ஐயம் எழின் அதன் பயன் வீரனுக்கே. அவர் ஓய்வூதியம் பெற்றார். பத்தொன்பது ஆண்டு கழித்து!

இதற்கு மறுதலையான அநீதியும் உண்டு. வியட்நாம் போரின்போது, 1966 இல் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலர் மக்னமாரா, அறிவுத் தேர்விலே முன்னர் தள்ளப்பட்டோரையும் படையிற் சேர்க்கும் திட்டம் வகுத்தார். 1971 வரை மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் சேர்க்கப்பட்டனர். ஏனைய வீரரினும் மிகுந்த வீதத்தில் அவர்கள் மாண்டனர். சேர்க்கத்தகாதவனைச் சேர்ப்பது ஒரு பாவம். சேர்ந்து நலிந்தவனைக் கைவிடுவது மற்றொரு பாவம்.

2009 வரை போரைக் கண்ட மண் நம் யாழ்ப்பாணம். இங்கே போர் தீண்டிய பிள்ளைகளெல்லாரும் உடற்பரிசோதனை கண்டவர்கள் அல்லர். ஆதலின் இவ்வினா எமக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று.

அடுத்த வகுப்பில் அவனுக்கு விடை சொன்னேன். "தம்பி, உறக்கமின்மையும் களைப்பும் வலிப்பைத் தூண்டும். படைவாழ்வு இரண்டும் நிறைந்தது. துவக்கேந்தியவன் விழுந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. ஆதலின் பெரும்பாலான படைகள் வலிப்புள்ளவரைச் சேர்ப்பதில்லை. அது இழிவன்று. மறைத்துச் சேர்வதுதான் தவறு. அந்தத் தாய் அறிவுடையவளாயின் அவனை அனுப்பியிராள். அனுப்பாவிடினும் அவள் மறக்குடி மகளே. அவன் அவள் மகனே."

"அவன் வீட்டிலிருந்து என்ன செய்வான் ஐயா?"

"சாத்தனாருக்கு மறுமொழியாக ஒரு பாட்டுக் கட்டுவான்" என்றேன்.

இம்முறை அவனும் சிரித்தான். பாட்டு இன்னும் வரவில்லை. காத்திருக்கிறேன்.