கோடை விடுமுறையும் வேதியியல் மாணவியும்

காவேரி ஓடாத காவேரிப்பட்டினம் நம்முடையது. இங்கே ஓடுவது தென்பெண்ணை. வைகாசி, ஆனி மாதங்களில் ஆற்றில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, மாங்கூழ் ஆலைகளின் வாசலில் மாங்காய் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். அந்த லாரிகளுக்கும், நம் பள்ளியை முடித்துக் கல்லூரியில் வேதியியல் படிக்கும் பெண்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுத முற்பட்டோம்.

“டீச்சர், காலேஜில் ஏதோ செமினார், இன்டர்ன்ஷிப் என்கிறாள். அனுப்பலாமா?” என்று பெற்றோர் நம்மிடம் வந்து கேட்பது உண்டு. கேள்வி நியாயமானதே. கருத்தரங்கு என்பது ஓரிரு நாள் காரியம். அறிஞர்கள் பேசுவார்கள், மாணவியர் கேட்பார்கள், துணிந்தவர்கள் தாங்கள் செய்ததை ஓர் அட்டையில் எழுதி மாட்டி விளக்குவார்கள். இன்டர்ன்ஷிப் என்பது அப்படியன்று. சில வாரங்கள் ஓர் ஆலையின் ஆய்வுக்கூடத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ இருந்து, கையால் வேலை செய்து கற்பது. சான்றிதழ்க் கட்டைப் பெருக்குவதற்காகவே கருத்தரங்குகளுக்குப் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் பற்றி நாம் பேச வரவில்லை.

முதலில் நம் ஊர் ஆலைகளையே எடுத்துக்கொள்வோம். மாம்பழக் காலமும் கல்லூரி விடுமுறையும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. பெங்களூரா என்று நாம் சொல்லும் தோத்தாபுரி மாம்பழம் கூழாகிப் பல நாடுகளுக்குப் போகிறது. போகுமுன் ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தேர்வு வைக்கிறார்கள். ஒரு சொட்டுக் கூழை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் வைத்துப் பார்த்தால் பிரிக்ஸ் அளவு தெரியும். அது பெரும்பாலும் சர்க்கரையின் அளவு. பிறகு புளிப்பு. பியூரெட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு, கூம்புக் குடுவையில் நீர்த்த கூழ், இரண்டு சொட்டு பினால்ஃப்தலீன். பன்னிரண்டாம் வகுப்பு மாணவியரே, நீங்கள் செய்முறைத் தேர்வில் செய்யும் அதே தரம்பார்த்தல்தான்! அங்கே கூழின் மஞ்சள் நிறம் இளஞ்சிவப்பை மறைக்கும் என்பதால் கண் இன்னும் கூர்மையாக இருக்கவேண்டும்.

இந்தப் புளிப்பை ஏன் இவ்வளவு அக்கறையாக அளக்கிறார்கள்? பி.எச். 4.6க்குக் கீழே இருக்கும் உணவில், கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற நுண்ணுயிர் வளர இயலாது. மாங்கூழ் இயல்பாகவே அந்த எல்லைக்குக் கீழே இருப்பதால், ஏறத்தாழக் கொதிநிலை வரை சூடாக்கி அடைத்தால் போதும். டப்பாவில் அடைக்கும் பட்டாணிக்கோ, அழுத்தத்தில் 121 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். பாடப்புத்தகத்தில் வெறும் எண்ணாக நின்ற பி.எச்., ஓர் உயிரைக் காக்கும் எண்ணாக அங்கே நிற்கிறது.

கார்பைடுக் கல் வைத்துப் பழுக்கவைப்பதைச் சட்டம் ஏன் தடுக்கிறது என்பதும் அங்கே விளங்கும். ஈரம் பட்டால் அசெட்டிலீன் வாயு வரும். கடையில் விற்கும் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் கலப்பும் இருக்கும். அதற்குப் பதிலாக எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டு இசைவு தந்தது. மண், உரம் பற்றிய வேதியியலில் விருப்பம் உள்ளவர்களுக்குப் பக்கத்துப் பையூரிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கேழ்வரகிலும் கொள்ளிலும் பையூர் என்ற பெயரோடு வரும் ரகங்கள் அங்கே பிறந்தவை.

இனி வெளியூர். பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகம் (அகாடமி), டெல்லி, அலகாபாத் அறிவியல் கழகங்களுடன் சேர்ந்து, கோடையில் இரண்டு மாத ஆராய்ச்சிப் பயிற்சி உதவித்தொகையைப் பல ஆண்டுகளாக வழங்கி வருகிறது. நாட்டின் ஆராய்ச்சிக் கூடங்களில் விஞ்ஞானிகளிடம் மாணவர்கள் நேரே பயில்கிறார்கள். மதிப்பெண், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், என்ன செய்ய விரும்புகிறேன் என்று மாணவி தானே எழுதும் குறிப்பு ஆகியவை கேட்கப்படும். அந்தக் குறிப்பைப் பிறரிடம் எழுதி வாங்கக்கூடாது. படிப்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். இன்னொன்று: கோடைப் பயிற்சிக்கு மழைக்காலத்திலேயே விண்ணப்பம் முடிந்துவிடுகிறது. மார்ச்சில் விசாரித்துவிட்டு ஏமாந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

பெங்களூர் என்றதும் பெற்றோர் முகம் மாறுவதை அறிவோம். இங்கிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர்தான். 1933இல் பம்பாயிலிருந்து பெங்களூர் வந்தார் கமலா பாகவத் என்ற பெண். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பட்டம் பெற்று, இந்திய அறிவியல் நிறுவனத்தில் (இன்ஸ்டிடியூட்) ஆராய்ச்சி செய்ய விண்ணப்பித்திருந்தார். பெண் என்ற காரணத்தால் இடமில்லை என்றார் இயக்குநர் சர் சி.வி. ராமன். நோபல் பரிசு பெற்ற மேதை சொன்னதாயிற்றே என்று கமலா திரும்பிப் போகவில்லை. நேரில் வந்து காரணம் கேட்டார். கடைசியில், ஓராண்டு வேலையைப் பார்த்த பிறகே முறையான மாணவியாக ஏற்போம் என்ற நிபந்தனையோடு இடம் கிடைத்தது. அந்த நிபந்தனை அவருக்கு அவமானமாகவே இருந்தது, ஆயினும் ஏற்றார். பால், பருப்பு ஆகியவற்றின் புரதங்களை ஆராய்ந்தார். ராமன் மனம் மாறினார். அதன்பின் அங்கே பெண்களுக்குக் கதவு திறந்தது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றார். திருமணத்திற்குப்பின் கமலா சோஹோனி என்று அறியப்பட்ட அவர், பதநீரின் சத்தைப் பற்றிச் செய்த ஆய்வு ஏழைக் குழந்தைகளுக்குப் பயன்பட்டது. இன்று அந்த நிறுவனத்தில் மாணவியருக்கென விடுதிகளே இருக்கின்றன.

பெற்றோர் கவனிக்கவேண்டியவை சில உண்டு. பயிற்சிக் கடிதம் துறைத்தலைவர் கையொப்பத்தோடு கல்லூரி வழியாகவே போகவேண்டும். ஆலைக்கு மாங்காய் வந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரமிராது. பொங்கல் கழிந்ததும் எழுதுவது நலம். பணம் கட்டினால் வீட்டிலிருந்தபடியே பயிற்சிச் சான்றிதழ் தருகிறோம் என்று கைப்பேசியில் வரும் அழைப்புகளை நம்பவேண்டாம். ஆய்வுக்கூடத்தில் யார் பொறுப்பு, வேலை நேரம் என்ன, இரவு தங்கல் எங்கே என்று நேரில் போய்க் கேளுங்கள். அதில் தயக்கம் வேண்டாம். கேட்பவரை மதிக்கும் இடமே நல்ல இடம். பெங்களூரில் கன்னியர் நடத்தும் மகளிர் விடுதிகள் உள்ளன. தங்குவதற்கு இடம் இல்லையே என்பதற்காக மட்டும் விண்ணப்பத்தை மடித்து வைத்திருந்தால், அதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை பள்ளி அலுவலகத்திற்கு வாருங்கள்.