விழுப்புரம் வரை வந்த ஜப்பான்

பௌர்ணமிக்கு மறுநாள் விடியற்காலையில் திருவண்ணாமலை ரயில் நிலையத்துக்குப் போனால் நடைமேடையில் கால் வைக்க இடமிருக்காது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தை வெறுங்காலில் சுற்றி முடித்தவர்கள், பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பார்கள். சென்னைக் கடற்கரைக்கும் வேலூர் கன்டோன்மென்ட்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த மெமு வண்டியை 2024 மே மாதம் இங்குவரை நீட்டினார்கள். அரக்கோணம், காட்பாடி என்று சுற்றிக்கொண்டு வருகிற வண்டிதான். ஆனாலும் 2024இல் 50 ரூபாய் டிக்கெட்டில் அண்ணாமலையார் தரிசனம் என்றபோது யார் வேண்டாம் என்றார்கள்?

இந்தக் கூட்டத்தில் ஒருவர் சென்னை திரும்பி மெட்ரோவில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் போகிற பாதை பெரும்பாலும் ஜப்பான் கடனில் போட்டது. உட்கார்ந்திருக்கிற பெட்டியோ பிரான்ஸ் நாட்டு ஆல்ஸ்டாம் நிறுவனத்துடையது.

கேட்டால் விசித்திரமாகத்தான் இருக்கும். சென்னை மெட்ரோ முதல் கட்டத்துக்கு 14,600 கோடி ரூபாய் மதிப்பிட்டார்கள். அதில் ஏறக்குறைய 59 சதவீதம், ஜைக்கா என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஜப்பான் சர்வதேசக் கூட்டுறவு முகமையின் கடன். முதல் ஒப்பந்தம் 2008 நவம்பரில் கையெழுத்தானது. பெட்டிகளுக்கு டெண்டர் விட்டபோது 168 பெட்டிகளுக்கான வேலையை 2010இல் ஆல்ஸ்டாம் தட்டிக்கொண்டு போனது. முதல் ஒன்பது ரயில்கள் பிரேசிலில் உருவாகிக் கப்பலேறின. மற்றவை நம் எல்லையைத் தாண்டியதும் வருகிற ஸ்ரீசிட்டி தொழிற்சாலையில் தயாராயின. 2015 ஜூன் 29 அன்று கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே முதல் ரயில் ஓடியபோது, கடன் கொடுத்த நாட்டின் ரயில் கம்பெனிப் பெயர் பெட்டியில் எங்கும் இல்லை.

ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னால் கதை வேறு. அப்போது ஜப்பான் நமக்கு என்ஜினையே அனுப்பியது.

1964 முதல் 1966 வரை மிட்சுபிஷி நிறுவனம் 20 மின்சார என்ஜின்களைச் செய்து இந்தியாவுக்கு அனுப்பியது. ஒய்.ஏ.எம்.-1 என்று பெயர். ஒய் என்றால் மீட்டர்கேஜ், ஏ என்றால் மாறுமின்சாரம், எம் என்றால் பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும். இந்த 20 என்ஜின்களும் ஓடியது ஒரே தடத்தில்தான். சென்னைக் கடற்கரையிலிருந்து எழும்பூர், தாம்பரம், செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் வரை. மீட்டர்கேஜ் பாதையில் மின்கம்பி கட்டியது இந்தியாவிலேயே இங்கு மட்டும்தான். எழும்பூரிலிருந்து தெற்கே போன எக்ஸ்பிரஸ் வண்டிகளை இழுத்துவந்து, விழுப்புரத்தில் நீராவி என்ஜினிடமோ பின்னாளில் டீசல் என்ஜினிடமோ ஒப்படைத்துவிட்டு ஜப்பான் என்ஜின் திரும்பிவிடும். என்ஜின் மாற்றுகிற இடைவெளியில் நடைமேடையில் இறங்கி டீ குடித்த தலைமுறை ஒன்று இன்னும் இருக்கிறது.

திருவண்ணாமலையோ விழுப்புரம்–காட்பாடி மீட்டர்கேஜ் பாதையில் இருந்தது. மின்கம்பி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கார்த்திகை தீபத்துக்கு வந்தவர்கள் விழுப்புரம் வரை கரண்டிலும் அங்கிருந்து கரிப்புகையிலும் வந்தார்கள். 2004 ஜூலையில் சென்னையில் மீட்டர்கேஜ் மின்வண்டிகள் நின்றபோது ஒய்.ஏ.எம்.-1 என்ஜின்களும் ஓய்வுபெற்றன. நாற்பது ஆண்டு உழைப்பு. திருவண்ணாமலைப் பாதை அகலமாகி, மின்கம்பியும் வந்துசேர்ந்தது அதற்கெல்லாம் பிறகு.

அந்த என்ஜின்கள் செய்யப்பட்ட ஆண்டுகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1964 அக்டோபர் 1 அன்றுதான் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் ஓடத் தொடங்கியது. உலகத்துக்கே முன்மாதிரியான அந்த அதிவேக ரயிலுக்கும் கடன் வாங்கித்தான் பாதை போட்டார்கள்: 1961இல் உலக வங்கி கொடுத்த 8 கோடி டாலர். அதை அடைத்து முடித்தது 1981இல். கடனாளியாக இருந்து கற்ற பாடம் கடன்காரனாக மாறியபோது ஜப்பானுக்குக் கைகொடுத்திருக்கும்.

ஜப்பான் கொடுக்கும் கடனில் இரண்டு தினுசு உண்டு. ஒன்றில் கட்டுப்பாடு இல்லை. உலகில் எந்த நிறுவனமும் டெண்டரில் கலந்துகொள்ளலாம். ஆல்ஸ்டாம் சென்னைக்குள் நுழைந்த கதவு இதுதான். இன்னொன்றில் வட்டி குறைவு, ஆனால் முதன்மை ஒப்பந்ததாரர் ஜப்பானியராக இருக்க வேண்டும். பொருட்களிலும் சேவையிலும் குறைந்தது 30 சதவீதம் ஜப்பானிலிருந்து வர வேண்டும். தாத்ரியிலிருந்து நவி மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கிலோமீட்டர் போகும் மேற்கு சரக்குப் பாதைக்கு இந்த இரண்டாவது வகைக் கடன். அங்கே சோஜிட்ஸ், மிட்சுயி போன்ற ஜப்பானிய நிறுவனங்கள் இந்திய நிறுவனங்களோடு கூட்டு சேர்ந்து தண்டவாளம் போட்டன.

எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் மும்பை–அகமதாபாத் புல்லட் ரயில். 508 கிலோமீட்டர், 1.08 லட்சம் கோடி ரூபாய் தொடக்க மதிப்பீடு, அதில் 81 சதவீதம் ஜப்பான் கடன். வட்டி வெறும் 0.1 சதவீதம். திருப்பிக் கட்ட 50 ஆண்டு, முதல் 15 ஆண்டு அசலைத் தொட வேண்டாம். நம் ஊர் நகைக்கடன் வட்டி தெரிந்தவர்களுக்கு இது இனாம் போலத் தோன்றும். ஆனால் கடன் யென்னில். யென் மதிப்பு ஏறினால் சுமை வாங்கியவன் தலையில். 2017 செப்டம்பரில் மோடியும் ஷின்சோ அபேயும் சபர்மதியில் அடிக்கல் நாட்டினார்கள். மகாராஷ்டிரத்தில் நிலம் எடுப்பதிலேயே ஆண்டுகள் கரைந்தன.

கடன் எவ்வளவு மலிவாக இருந்தாலும் எல்லோரும் வாங்கிக்கொள்வதில்லை. கொழும்புக் கோட்டையிலிருந்து மாலபே வரை இலகு ரயில் அமைக்க 2019இல் ஜப்பானோடு கடன் ஒப்பந்தம் போட்டது இலங்கை. அடுத்த ஆண்டு செப்டம்பரில், செலவுக்கேற்ற பலனில்லை என்று ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச அதை நிறுத்தச் சொன்னார். டோக்கியோவுக்குக் கசப்பு. இந்தோனேசியாவிலும் ஒரு சறுக்கல். ஜகார்த்தா–பாண்டுங் அதிவேகப் பாதைக்கு ஜப்பான் ஆண்டுக்கணக்கில் ஆய்வு செய்து திட்டம் தீட்டியது. 2015இல் வேலை சீனாவுக்குப் போனது. அதே ஜகார்த்தாவில் டோக்கியோவில் ஓடிக் களைத்த பழைய புறநகர்ப் பெட்டிகள் நூற்றுக்கணக்கில் மறுவாழ்வு பெற்று ஓடின என்பது தனிக் கதை.

பணமும் பெட்டியும் கண்ணுக்குத் தெரிகிற சரக்கு. தெரியாத சரக்கும் உண்டு. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் உருவான வாப்-4 என்ஜின்கள் தமிழ்நாட்டு எக்ஸ்பிரஸ் வண்டிகளை நெடுங்காலம் இழுத்தன. ஈரோடு, அரக்கோணம் பணிமனைகளில் அவை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஆறு இழுவை மோட்டார்கள். அந்த மோட்டாரின் பெயர் எச்.எஸ். 15250, ஹிட்டாச்சியின் வடிவமைப்பு. செய்தது இங்கே, உழைத்ததும் இங்கே. இறக்குமதி என்று யாரும் நினைக்கவில்லை. என்னைக் கேட்டால், ஜப்பான் நமக்கு அனுப்பியதில் அதிக தூரம் ஓடியது இந்த வரைபடம்தான்.

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தில் ஹிட்டாச்சி பெயர் மீண்டும் வந்திருக்கிறது, சிக்னல் ஒப்பந்தத்தில். அதுவும் இத்தாலியின் அன்சால்டோ நிறுவனத்தை வாங்கியதால் கைக்கு வந்த தொழில்நுட்பம். இன்னொரு பக்கம், 280 கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய இரண்டு ரயில்களைச் செய்து தரும்படி பெரம்பூர் ஐ.சி.எஃப். 2024இல் பெங்களூரு பி.இ.எம்.எல். நிறுவனத்திடம் சொல்லியிருக்கிறது. எட்டுப் பெட்டிகள் கொண்ட அந்த ரயில்கள் ஓடப்போவது ஜப்பான் கடனில் எழும்பும் புல்லட் பாதையில்.

இத்தனை ஆயிரம் கோடிகளுக்கு நடுவே திருவண்ணாமலைக்காரர்கள் கேட்பது 70 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு நேர்பாதை போட ரயில்வே பட்ஜெட் அனுமதி கொடுத்து இருபது ஆண்டு நெருங்குகிறது. நகரத்துச் சுரங்கப்பாதைக்கு வெளிநாட்டுக் கடன் கிடைக்கும். செஞ்சிக்கோட்டை அடிவாரத்துப் பாதைக்கு எந்த நாட்டு முகமையும் தேடி வருவதில்லை. மாலையில் கடற்கரையில் புறப்படும் மெமு, காட்பாடியைச் சுற்றிக்கொண்டு நள்ளிரவில்தான் திருவண்ணாமலை வந்து சேர்கிறது.