சுத்தியல் தீட்டும் சித்திரம்

"டொக், டொக், டொக்!"

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகலில் எங்கள் கைவேலை வகுப்பிலிருந்து எழுந்த இந்த ஓசையைக் கேட்டு, அடுத்த அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்த சிஸ்டர் விரைந்து வந்துவிட்டார்கள். நாங்கள் மேசையை உடைக்கிறோம் என்று நினைத்தார்களாம்! உண்மையில் நாங்கள் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தோம். தூரிகை இல்லை, வண்ணப் பெட்டியும் இல்லை. எங்களிடம் இருந்தவை ஆளுக்கொரு சுத்தியலும், தோட்டத்தில் பறித்த ஒரு கைப்பிடி இலைகளும் பூக்களும்தான்.

சுத்தியலால் ஓவியமா என்று வியக்கிறீர்களா, தோழியரே? பச்சை இலையைத் தாளின்மேல் வைத்துத் தட்டினால், அதன் சாறு தாளில் இறங்கி, இலையின் உருவம் அப்படியே பதிந்துவிடும். ஜப்பானியர் துணியில் இவ்வாறு பதிப்பதற்கு வைத்துள்ள பெயரின் பொருளே 'தட்டிச் சாயமிடுதல்' என்பதாகும்.

முதலில் செய்முறையைக் கூறுகிறேன். கெட்டியான, சற்றே சொரசொரப்பான ஓவியத்தாள் வேண்டும். நோட்டுப் புத்தகத் தாள் கிழிந்துவிடும். அடியில் வைக்க ஒரு மரப்பலகை. அம்மாவிடம் கேட்டால் காய்கறி நறுக்கும் பலகை கிடைக்கும். சுத்தியலின் முகம் தட்டையாக இருக்கட்டும். தாளைப் பலகைமேல் வைத்து, இலையின் அடிப்புறம் தாளைத் தொடுமாறு பரப்புங்கள். பெரும்பாலான இலைகளில் மேற்புறத்தைவிட அடிப்புறத்தில் மெழுகுப் படலம் மெல்லியது. நரம்புகளும் அங்கேதான் புடைத்திருக்கும். காம்பும் நடுநரம்பும் மிகத் தடித்திருந்தால் கத்தரியால் சீவிவிடுங்கள். இலை நகராமலிருக்க ஒட்டுநாடாவால் ஓரிரு இடங்களில் பிடிக்கவைத்து, அதன்மேல் ஒரு மெல்லிய வெள்ளைத்தாளை மூடுங்கள்.

இனித்தான் முக்கியமான கட்டம். ஓங்கி அடிக்காதீர்கள்! முதல் நாள் நாங்கள் எல்லோரும் செய்த தவறு அதுதான். ஓங்கி அடித்தால் இலை கூழாகி, சாறு நாலாபுறமும் சிதறி, பச்சைக் கறை மட்டுமே மிஞ்சும். சுத்தியலைத் தாழ்வாகப் பிடித்து, சிறு சிறு தட்டாகத் தட்ட வேண்டும். முதலில் இலையின் ஓரத்தைச் சுற்றிலும், பிறகு உட்புறத்தை வரிசை வரிசையாகவும் தட்டுங்கள். மேலே மூடிய தாளிலும் இலையின் வடிவம் ஊறித் தெரியும். எந்த இடம் விடுபட்டது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும். முடிந்ததும் ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஒட்டியிருக்கும் துணுக்குகளை ஈரத்தோடு தேய்க்காமல், காய்ந்தபின் தட்டி உதிர்த்துவிடுங்கள்.

எல்லா இலைகளும் இதற்கு இசைவதில்லை. கற்றாழை, கற்பூரவல்லி போன்ற சதைப்பற்றுள்ளவை குழம்பாகிவிடும். முற்றிய மாவிலை, பலாவிலை போன்ற தோல்போன்ற இலைகள் சாற்றை விடாது. பெரணி, கொத்தமல்லி, முருங்கை ஆகியவற்றின் இளம் இலைகள் அழகாகப் பதியும். பூக்களில் சங்குப்பூ முதலிடம் பெறும். எருக்கு, அரளி, ஊமத்தை ஆகியவற்றை மட்டும் தொடவேண்டாம். அவை நச்சுத்தன்மை உடையவை. தட்டும்போது சாறு கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளையும்.

தாளில் நிறம் பதிவது எவ்வாறு? இலையும் பூவும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனவை. இலையின் உயிரணுக்களில் பச்சையம் இருக்கிறது. சங்குப்பூ, செம்பருத்தி ஆகியவற்றின் இதழ்களில் ஆந்தோசயனின் என்னும் நிறமி, சாற்றில் கரைந்து நிற்கிறது. தட்டும்போது உயிரணுக்களின் சுவர் உடைகிறது. சாறு தாளின் இழைகளுக்குள் புகுகிறது.

இங்கே ஒரு வேடிக்கை. என் தோழி சிவந்த செம்பருத்தி இதழைத் தட்டினாள். தாளில் பதிந்ததோ ஊதா நிறம்! ஆந்தோசயனின் அமிலம் பட்டால் சிவக்கும். காரம் பட்டால் நீலமாகவும் பச்சையாகவும் மாறும். ஆய்வுக்கூடத்தில் செம்பருத்திச் சாற்றை வைத்து அமிலத்தையும் காரத்தையும் கண்டறிந்தோமல்லவா, அதே வித்தைதான். இதழுக்குள் அமிலத்தில் இருந்த நிறமி, தாளுக்கு வந்ததும் வேறு சூழலைச் சந்தித்து நிறம் மாறிவிட்டது. சங்குப்பூ பதிந்த இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நீலம் ஊதாவாகிச் சிவப்பை நோக்கி நகரும்.

இலையை அச்சாகப் பயன்படுத்துவது பழைய வழக்கம். லியொனார்டோ டா வின்சியின் கையேட்டில், ஓர் இலையைப் பதித்த பக்கம் இன்றும் உள்ளது. அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் 1730-களில், உண்மையான இலைகளிலிருந்து அச்சு வார்த்துப் பணத்தாள்களில் பதித்தார். அழகுக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். இலையின் நுண்ணிய நரம்புப் பின்னலைக் கள்ள நோட்டு அடிப்பவர்களால் கையால் செதுக்க இயலவில்லை. ஒரே மரத்தின் இரண்டு இலைகளில்கூட நரம்புகள் ஒன்றுபோல் ஓடுவதில்லை. நம் கைரேகையைப் போல, ஒவ்வோர் இலைக்கும் தனி முத்திரை உண்டு.

அவர்கள் மையைக் கொண்டு பதித்தார்கள். நாம் பதிப்பதோ செடியின் சொந்தச் சாற்றைக் கொண்டு. ஆகையால் நம் படத்துக்கு ஒரு குறை உண்டு: அது வெளுக்கும். வெயில் பட்டால் ஆந்தோசயனின் சிதையும். பச்சையமும் தன்னுள் இருக்கும் மக்னீசியத்தை இழந்து பழுப்புப் பச்சையாகும். இதனை நான் பாடப்புத்தகத்தில் படித்து அறியவில்லை.

எங்கள் அம்மாச்சி வீட்டுக் கிணற்றடியில் ஒரு சங்குப்பூக் கொடி படர்ந்திருந்தது. சென்ற கோடை விடுமுறையில் அந்தப் பூவைப் பதித்து இரண்டு படங்கள் செய்தேன். ஒன்று மிக நேர்த்தியாக வந்தது. அதைச் சட்டமிட்டு, அம்மாச்சியின் சன்னலுக்கு எதிரே மாட்டினேன். மற்றொன்றில் இதழ் ஓரம் சிதைந்துவிட்டது. வெறுப்போடு அதைக் கணக்குப் புத்தகத்துக்குள் செருகி மறந்துபோனேன். பின்னர் அம்மாச்சி எங்களோடு வந்துவிட, அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் கிணற்றை மூடினார்கள், கொடியும் போயிற்று. கிறிஸ்துமஸ் விடுமுறையில் சட்டமிட்ட படத்தைப் பார்த்தால், நீலம் முழுவதும் வெளிறி, சாம்பல் நிறக் கறை மட்டுமே இருந்தது. மீண்டும் பதிக்கலாமென்றால் கொடி எங்கே?

அன்றிரவு கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். நான் ஒதுக்கிய அந்தப் படத்தில் நீலம் ஏறக்குறைய அப்படியே இருந்தது! வெளிச்சம் படாத இருட்டு அதைக் காத்திருந்தது. அம்மாச்சி அதை வாங்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, "கெணத்தடிப் பூவுதானேம்மா?" என்றார்கள். பிறகு தம் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். இன்றும் அது அங்கேதான் இருக்கிறது.

ஆகவே தோழியரே, நீங்கள் பதிக்கும் படங்களைச் சுவரில் மாட்டாமல் ஏட்டுக்குள் வையுங்கள். ஒவ்வொன்றின் கீழும் செடியின் பெயர், பறித்த இடம், நாள் ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கோணலாக வந்த படத்தையும் கிழித்தெறியாதீர்கள். நம் பள்ளி வளாகத்திலேயே எத்தனையோ செடி கொடிகளை நாள்தோறும் பெயர் தெரியாமல் கடந்து செல்கிறோம். வாரம் ஓர் இலையைப் பதித்தால், பள்ளியை விட்டுப் பிரியும் நாளில், நாம் வாழ்ந்த இடத்தின் பசுமை ஓர் ஏட்டில் நம்மோடு வரும்.

சுத்தியலை எடுங்கள், மெதுவாகவே தட்டுங்கள்!