ஈரக்காற்றில் தலைவாருதல்

தலைமுடி ஒவ்வொன்றின் மேற்புறமும் ஓட்டுவீட்டுக் கூரை போல அமைந்தது. மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கிப் பல அடுக்காகப் படிந்திருக்கின்றன. ஒரு முடியை வேரிலிருந்து நுனிவரை உருவினால் விரல் வழுக்கிப் போகும்; நுனியிலிருந்து வேர்ப்பக்கம் உருவினால் சொரசொரக்கும். உள்ளே கெரட்டின் என்னும் புரதத்தாலான இழைகள். முடியின் வலு அவற்றில் இருக்கிறது. மேல் செதில்கள் தேய்ந்து போனால் இழைகள் வெளிப்பட்டு நுனி பிளக்கும். முடி உயிரற்ற பொருள் என்பதால் அந்தப் பிளவு ஆறுவதில்லை, வெட்டத்தான் வேண்டும்.

செதிலின் திசை எவ்வளவு முக்கியம் என்பதை மேற்கு வங்கத்தின் ஒரு தொழில் காட்டுகிறது. சீப்பில் தங்கும் முடியைத் தெருவில் வரும் வியாபாரிகள் பாத்திரமோ சில்லறையோ கொடுத்து வாங்கிச் செல்கிறார்கள். முர்ஷிதாபாத், கிழக்கு மேதினிப்பூர் மாவட்டங்களில் அதைச் சிக்கெடுத்துப் பிரித்து, டோப்பாவுக்கும் சவுரிக்கும் அனுப்புகிறார்கள். கழிமுடியில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்துகிடப்பதால் செதில்கள் ஒன்றையொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும். அந்த உருண்டைகளைக் கையாலும் ஊசியாலும் பிரிப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. தலையில் இருக்கும்போதும் சிக்கு விழுவதற்கு இந்தச் செதில் உராய்வே முக்கியக் காரணம்.

உராய்வைக் கூட்டுவது ஈரம். முடி நீரை உறிஞ்சிப் பருக்கும், சற்றே நீளும். இந்தக் குணத்தை வைத்துத்தான் ஜெனீவாவைச் சேர்ந்த ஒராஸ் பெனடிக்ட் டி சொசூர் 1783-ல் முடி ஈரப்பதமானியை விளக்கி நூல் எழுதினார். முற்றும் உலர்ந்த காற்றிலிருந்து முழு ஈரக்காற்றுக்குப் போகையில் முடி ஏறத்தாழ 2 சதவீதம் நீள்கிறது. அந்த நீட்சி கருவியின் முள்ளை நகர்த்துகிறது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தொடங்கப்பட்டபோது தலைமையகமாக இருந்த கொல்கத்தா, இந்தக் கருவியைப் புரிந்துகொள்ளப் பொருத்தமான ஊர். ஆடி, ஆவணி மாதங்களில் இங்கே காற்றின் ஈரப்பதம் பல நாள் 80 சதவீதத்தைத் தாண்டும். குளித்த கூந்தல் மாலைவரை முழுதாக உலராது.

ஈர முடியில் கெரட்டின் இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தளர்ந்திருக்கும். இழுத்தால் ரப்பர் போல நீண்டு அறும். ஆகவே நேரான, மெலிதாக அலைபாயும் கூந்தலைத் துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஓரளவு உலர்ந்தபின் வாருவது நல்லது. சுருட்டை முடிக்கு இந்த விதி பொருந்தாது: அது உலர்ந்தபின் வாரினால்தான் அதிகம் அறுகிறது. கண்டிஷனர் பூசி வழுக்கும் நிலையிலேயே அகலப்பல் சீப்பால் வாரவேண்டும்.

சிக்கெடுப்பதில் பலரும் செய்யும் தவறு உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுப்பது. வழியிலுள்ள சின்னச் சிக்குகளெல்லாம் கீழே தள்ளப்பட்டு ஒரே முடிச்சாக இறுகும். நுனியில் நான்கு விரல் அளவு முதலில் வாரவேண்டும். அது சுத்தமானதும் சற்று மேலே, பிறகு இன்னும் மேலே. வாரும் இடத்துக்கு மேலே முடியை மறு கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்குப் போகாது. நாளைக்கு நூறு முறை வாரினால் முடி வளரும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. அத்தனை முறை செதில் தேய்வதுதான் மிச்சம்.

சீப்பில் பார்க்கவேண்டியது பல்லின் முனையும் ஓரமும். அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் சீப்பில் பற்களின் நடுவே கோடு போலப் பிசிறு நிற்கும். நகத்தால் தடவினால் தெரியும். அது முடியைச் சீவியெடுக்கும். குளிர்காலத்தின் வறண்ட நாட்களில் பிளாஸ்டிக் உராய்ந்து மின்னேற்றம் பெறுவதால் முடி பறக்கவும் செய்யும். மேதினிப்பூர்க் கைவினைஞர்கள் எருமைக்கொம்பைச் சூடாக்கி இளக்கி, அழுத்தித் தட்டையாக்கி, பல் அறுத்து மெருகிடும் சீப்பில் இந்தப் பிசிறு இல்லை. கொம்பும் முடியைப் போலக் கெரட்டின்தான். சுதேசி இயக்கக் காலத்தில் மன்மதநாத் கோஷ் ஜப்பானில் செல்லுலாய்டு சீப்புத் தொழில் கற்றுவந்து, இன்று வங்கதேசத்திலுள்ள ஜெசூரில் ஆலை தொடங்கினார். சீப்பும் அன்று நாட்டுப்பற்றின் பொருளாக இருந்தது.

எண்ணெய் உராய்வைக் குறைக்கும். கொல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் விற்ற குந்தலீன் எண்ணெயின் பெயரால் நடந்த சிறுகதைப் போட்டியில் 1896-ல் பரிசு பெற்றவர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ். ஒரு புட்டி கூந்தல் எண்ணெய் கடல் புயலை அடக்குவதுதான் கதை. முடியில் எண்ணெய் செய்யும் வேலை 2003-ல் வெளியான ரேலே, மொகிலே ஆய்வில் அளக்கப்பட்டது. தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைத்தது. சூரியகாந்தி எண்ணெயும் மினரல் எண்ணெயும் அவ்வாறு குறைக்கவில்லை.

சீப்பில் முடி வருவதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. அடியில் சிறு வெள்ளைக் குமிழ் இருந்தால் அது தன் காலம் முடிந்து உதிர்ந்த முடி. குமிழ் இல்லாத குட்டைத் துண்டுகள் நிறைய இருந்தால் அவை வாரும்போது அறுந்தவை. சீப்பையோ வாரும் விதத்தையோ மாற்றவேண்டும். வட்டவட்டமாக முடி கொட்டினாலோ, இறுகக் கட்டும் கொண்டையால் நெற்றியோரம் ஏறிக்கொண்டே போனாலோ தோல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.